பதினாறு வயது மூளையும் ஒரு மில்லிகிராமும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்தால் நெல்லை மூடைக் கணக்கில் பேசுவார்கள். வாவியில் பிடிபட்ட இறாலையும் நண்டையும் கிலோவில் நிறுப்பார்கள். மட்டக்களப்பில் மில்லிகிராமில் கணக்குப் பார்க்கப்படும் பண்டம் ஒன்று அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. 'இத்தனை மில்லிகிராம் ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞர் கைது' என்ற தலைப்பு உள்ளூர்ச் செய்தி படிப்பவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. ஊர்ப்பெயர் மாறும், வயது மாறும், அளவு மட்டும் மில்லிகிராமிலேயே நிற்கும்.

ஒரு நெல்மணியின் நிறை சுமார் 25 மில்லிகிராம். அப்படியானால் ஒரு மில்லிகிராம் என்பது ஒரு நெல்மணியை இருபத்தைந்தாக வெட்டினால் கிடைக்கும் ஒரு துணுக்கு. அப்படிப்பட்ட சில துணுக்குகள், ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள ஒரு பொடியனின் தூக்கத்தையும் பசியையும் படிப்பையும் எப்படிக் குலைக்கின்றன? போதைப் பழக்கங்களில் பெரும்பாலானவை ஏன் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலுமே வேர்விடுகின்றன? பதில் தேட மூளைக்குள் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

ஒரு சிறு கூட்டம்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. இவற்றுள் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரந்து செய்தி அனுப்புபவை மிகச் சில. நடுமூளையில் இருக்கும் அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கை சுமார் ஐந்து இலட்சம்தான். எதை விரும்புவது, எதைத் தேடி எழுந்து போவது, எதை மறக்காமல் வைத்துக்கொள்வது என்பதிலெல்லாம் இந்தச் சிறு கூட்டத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஐஸ் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின் நேரே இந்தக் கூட்டத்திடம்தான் போகிறது. 1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி எபெட்ரினிலிருந்து இதை முதன்முதலில் செய்தார். 1919இல் ஒகாட்டா அகிரா இதைப் பளிங்காக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையினர் 'பெர்விட்டின்' என்ற பெயரிலும், ஜப்பானியர் 'பிலோபோன்' என்ற பெயரிலும் இதைக் குளிசையாக விழுங்கி விழித்திருந்தார்கள். அந்த நூற்றாண்டுப் பழைய சரக்குத்தான் இன்று சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் வாவிக்கரை வரை வந்திருக்கிறது.

ஒரு மில்லிகிராம் ஐஸில் உள்ள மூலக்கூறுகளை எண்ணினால் மூன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழியம் போட வேண்டும். அவற்றை ஐந்து இலட்சம் டோபமின் கலங்களுக்கும் பங்கிட்டால் ஒரு கலத்துக்கு ஆறு இலட்சம் கோடி விழும். உள்ளே போவதெல்லாம் மூளையைச் சேர்வதில்லை, சேர்வதும் இந்தக் கலங்களுக்கு மட்டும் போவதில்லை. ஆனால் அதில் மிகச் சிறு பங்கு போனாலே போதும். நம் கண்ணுக்குத் தூசியாகத் தெரிவது கலத்தின் கணக்கில் பெருவெள்ளம்.

அந்த வெள்ளம் செய்யும் வேலை விசித்திரமானது. சாதாரண நாளில் டோபமின் கலம் கொஞ்சம் டோபமினை வெளியே விடும். செய்தி போய்ச் சேர்ந்ததும், கலச்சுவரில் இருக்கும் புரத வாயில்கள் அதை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐஸ் அந்த வாயில்களைத் தலைகீழாக ஓட வைக்கிறது. மாரிகாலத்தில் வாவி நிரம்பி வழியும்போது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டால், மழைக்காலம் முழுக்கச் சேர்ந்த தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்ளே சேமித்து வைத்திருந்த டோபமின் வெளியே கொட்டுகிறது. எலிகளின் மூளையில் அளந்து பார்த்ததில், நல்ல சாப்பாடு டோபமினை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு ஏற்றியது. ஐஸின் நெருங்கிய உறவான ஆம்ஃபெட்டமின் அதைப் பத்து மடங்காக்கியது.

புகையாக இழுக்கும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். நுரையீரலின் சிற்றறைகளை விரித்தால் ஒரு வீட்டின் முழுத் தரைப்பரப்பு வரும். அங்கே இரத்தத்தில் கலந்த மருந்து பத்து விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். எவ்வளவு விரைவாக மூளையைச் சேர்கிறதோ அவ்வளவு வலுவாகப் பழக்கம் ஒட்டும். ஏறியது இறங்கவோ நேரமெடுக்கும்: உள்ளே போனதில் பாதி கழியவே பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும். அதற்குள் கலம் வெறுமையாகிவிடும். இரண்டு நாள் தூங்காமல் இருந்த பிள்ளை மூன்றாம் நாள் எழும்ப மாட்டாமல் கிடப்பதும், எரிந்து விழுவதும் அந்த வெறுமையின் விளைவு.

டோபமின் என்ற வாத்தியார்

1954இல் கனடாவின் மொன்றியலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பி பொருத்தினார்கள். ஒரு நெம்புகோலை மிதித்தால் அந்த இடத்தில் சிறு மின்னோட்டம் பாயும். எலிகள் ஓயாமல் அதை மிதித்துக்கொண்டே இருந்தன. மூளையில் 'இன்ப மையம்' ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக உலகம் பேசியது. டோபமினுக்கு 'இன்ப இரசாயனம்' என்ற பெயர் அந்த வழியில் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் பாதிதான் சரி என்பதை 1990களில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் ஆய்வுகள் காட்டின. அவர் குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமின் கலங்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது கலங்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகியதும், சாற்றுக்கு அவை சும்மா இருந்தன, விளக்குக்குத் துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தையும்விடக் கீழே இறங்கியது. டோபமின் ஒரு வாத்தியாரைப் போல வேலை செய்கிறது என்பது புலனானது. 'நீ நினைத்ததைவிட இது நல்லது, பாடமாக்கிக்கொள்' என்று சொல்லும். பாடம் பிடிபட்டதும் அமைதியாகிவிடும்.

போதைப்பொருள் இந்த ஏற்பாட்டுக்குள் களவாகப் புகுந்துகொள்கிறது. பாற்சோறு எவ்வளவு ருசியானாலும் பத்தாவது முறை அது எதிர்பார்த்த ருசிதான்; வாத்தியார் பேசாமல் இருப்பார். ஐஸோ நூறாவது முறையும் இரசாயனத்தின் பலத்தால் டோபமினைக் கொட்டவைக்கிறது. அனுபவம் மங்கியிருந்தாலும், 'நினைத்ததைவிட நல்லது' என்ற செய்தி பொய்யாகப் போய்க்கொண்டே இருக்கிறது. பாடம் முடிவதே இல்லை. அந்தப் பாடத்தில் பொருள் மட்டுமன்றி, அதைச் சுற்றி இருந்த எல்லாமே பதிகின்றன: வாங்கிய சந்தி, கூட இருந்த முகம், ஒரு தொலைபேசி இலக்கம், மழை விட்ட பின்னேரம். பின்பொரு நாள் அந்த இலக்கம் திரையில் தெரிந்தாலே உடம்பு தயாராகிவிடும். மறுபுறம் சாப்பாடு, கிரிக்கெட், பெருநாள் உடுப்பு போன்ற சாதாரண சந்தோஷங்களின் குரல் எடுபடாமல் போகும்.

ஏன் இந்த வயது?

1999இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே கீடும் அவர் குழுவும், அதே பிள்ளைகளின் மூளையை ஆண்டுகள் இடைவிட்டுத் திரும்பத் திரும்பப் படம்பிடித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதோடு மூளை கட்டி முடிந்துவிடுகிறது என்றிருந்த நம்பிக்கையை அது அசைத்தது. பதின்ம வயதில் மூளை தன்னைத் திருத்திக் கட்டுகிறது: பயன்படாத இணைப்புகளைக் கத்தரிக்கிறது, பயன்படும் நரம்பு நார்களுக்குக் கொழுப்புறை போர்த்தி வேகம் கூட்டுகிறது. இந்த வேலை பின்பக்கம் தொடங்கி முன்னால் நகர்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, அதாவது நிதானிக்கும், பின்விளைவை எண்ணிப் பார்க்கும் பகுதி, கடைசியில்தான் முடிகிறது. அதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆனால் டோபமின் கூட்டம் பருவமடையும்போதே முழு வீச்சில் வந்துவிடும்.

இதைக் குறை என்று சொல்ல முடியாது. புதியதைத் துணிந்து பார்க்காத பிள்ளை எதையும் கற்காது. வாவிக்கரையில் ஒரு பொடியன் தகப்பனோடு தோணியில் போய் வீச்சுவலை எறியப் பழகுவதைப் பாருங்கள். முதல் நாள் வலை சுருண்டு விழும். சில கிழமைகளில் தோளைத் திருப்பும் கணம், மணி கட்டிய ஓரத்தைக் கைவிடும் கணம் எல்லாம் உடம்பில் இறங்கிவிடும். வலை வட்டமாக விரிந்து விழும். நாற்பது வயதில் பழகத் தொடங்குபவருக்கு அது அவ்வளவு இலகுவில் வராது. அதே கற்கும் வேகம்தான் பழக்கத்துக்கும் வாய்க்கிறது. எதைப் போட்டாலும் விரைவாக முளைக்கும் மண் அது.

கூட்டாளிமாரின் பங்கு தனியானது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் 306 பேரைக் கணினியில் கார் ஓட்ட விட்டார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதே சோதனை. பக்கத்தில் நண்பர்கள் நின்றபோது பதின்ம வயதினரின் துணிச்சல் வெகுவாகக் கூடியது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நண்பர்கள் நின்றாலும் நிற்காவிட்டாலும் பெரிய மாற்றமில்லை. பின்வந்த மூளைப்படங்களில் காரணமும் தெரிந்தது: நண்பர்கள் பார்க்கிறார்கள் என்றாலே பதின்ம வயதினரின் வெகுமதிப் பகுதிகள் கூடுதலாக விழித்தன. 'போதை பொல்லாதது' என்று வகுப்பில் தனியாக இருந்து பரீட்சைத்தாளில் எழுதும் பிள்ளையும், இருட்டுப்படும் நேரம் நாலு பேரோடு கரையில் குந்தியிருக்கும் பிள்ளையும் ஒரே பிள்ளைதான். ஆனால் அந்த இரு நேரங்களிலும் மூளை ஒரே நிலையில் இருப்பதில்லை. அதனால்தான் பதாகையும் சத்தியப்பிரமாணமும் மட்டும் போதாமல் போகின்றன.

கண்டல் மறைவில் கோடா

ஐஸ் பற்றிய பரபரப்பில் பழைய பகையாளி மறக்கப்பட்டுவிடுகிறது. வாவியோரக் கண்டல் பற்றைகளில் மறைத்து வைத்த கசிப்பும் கோடாவும் பிடிபடுவது மட்டக்களப்பில் நெடுங்காலச் செய்தி. சீனிக்கரைசலை மதுவம் புளிக்கவைத்துப் பெறும் ஊறல்தான் கோடா. மதுவம் தான் உண்டாக்கிய மதுவிலேயே மடிகிறது: மதுசாரம் நூற்றுக்குப் பதினைந்து வீதத்தை நெருங்கும்போது அதனால் தொடர்ந்து வாழ முடியாது. அதற்கு மேல் வலுவேற்ற வேண்டுமானால் காய்ச்சி வடிக்கத்தான் வேண்டும். அப்படி வடிப்பது கசிப்பு. அதில் எவ்வளவு மதுசாரம், வேறு என்ன கலந்திருக்கிறது என்பதை வடித்தவரும் அறியார்.

வெறும் சீனியிலிருந்து வரும் ஊறலில் மெதனோல் மிகக் குறைவு. கூட்டமாக உயிர்கள் போவது பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோலைக் கலக்கும்போதுதான். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தது அப்படித்தான். மெதனோல் போதையில் சாதாரண மதுசாரத்தைப் போலவே இருக்கும். ஈரலில் அது ஃபோர்மிக் அமிலமாக மாறிய பிறகே கண்நரம்பைத் தாக்கும். அதனால் ஆபத்து தெரிய மணித்தியாலங்கள் ஆகும். பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இளம் வயதுக் குடியில் இன்னொரு விநோதமும் இருக்கிறது. இளம் எலிகளுக்கு மதுசாரம் கொடுத்துப் பார்த்ததில், வளர்ந்த எலிகளைப் போல அவை சீக்கிரம் தள்ளாடவோ தூங்கிவிழவோ இல்லை. ஆனால் நினைவைப் பதிக்கும் மூளைப்பகுதி அவற்றில் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. 'எவ்வளவு அடிச்சாலும் இவன் ஆடமாட்டான்' என்று கூட்டாளிமார் மெச்சும் பொடியனுக்கு நடப்பதும் இதுவாக இருக்கக்கூடும். 'போதும்' என்று உடம்பு கொடுக்க வேண்டிய சைகை அவனுக்கு வருவதில்லை. உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும்.

இவற்றோடு நரம்புவலிக்குக் கொடுக்கும் பிரிகபலின் குளிசைகளும் இப்போது கைமாறுகின்றன. வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துதானே என்ற எண்ணம் பொல்லாதது. மதுவோடோ ஹெரோயினோடோ சேர்ந்தால் அது மூச்சையே மெதுவாக்கிவிடும்.

பிள்ளை பிறக்குமுன் நடந்தவை

இன்று பதினாறு வயதாகும் பிள்ளைகள் 2009 மே மாதம் போர் முடிந்த காலத்தையொட்டியோ அதன் பிறகோ பிறந்தவர்கள். ஷெல் சத்தம் அவர்களுக்கு நினைவில் இல்லை; 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியையும் நாவலடியையும் கடல் மூடியதையும் அவர்கள் காணவில்லை. ஆனால் அவற்றைக் கண்டவர்கள்தான் அவர்களை வளர்க்கிறார்கள்.

கிளவ்டியா கட்டானியும் சக ஆய்வாளர்களும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் பேசி, 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போரையும் சுனாமியையும் கூடுதலாக அனுபவித்த பிள்ளைகளே வீட்டுக்குள்ளும் கூடுதலாக அடிபட்டிருந்தார்கள். தகப்பனின் குடி அதோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ரொபர்ட் அண்டாவும் 1998இல் வெளியிட்ட பேராய்வு சங்கிலியின் அடுத்த கண்ணியைக் காட்டியது: சிறுவயதில் நான்கோ அதற்கு மேலோ கொடிய அனுபவங்களுக்கு ஆளானவர்கள், பின்னாளில் குடிக்கும் போதைக்கும் ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நீண்டநாள் பயத்தில் வளர்ந்த உடம்பில் பதற்றச் சுரப்புகள் எளிதில் தணிவதில்லை. அதைத் தணிக்கும் எதையும் அந்த மூளை இறுகப் பற்றிக்கொள்கிறது. தகப்பனின் கையில் இருந்த போத்தலுக்கும் மகனின் பையில் இருக்கும் பொட்டலத்துக்கும் இடையில் இப்படியொரு பாலம் இருக்கிறது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றில்லை. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவிடம் வளர்ந்து நன்றாகப் படித்து வந்த பிள்ளைகளும் இதே கிராமங்களில் நிறையப் பேர்.

திரும்பி வரும் வழி

மூளை கற்றதை அழித்தெழுத முடியாவிட்டாலும், அதன் மேல் புதிதாக எழுத முடியும். நோரா வொல்கோவும் அவர் குழுவும் 2001இல் காட்டியது நம்பிக்கை தரக்கூடியது. ஐஸ் பழகியவர்களின் மூளையில் டோபமினை உள்ளிழுக்கும் வாயில்கள் குறைந்திருந்தன. ஓராண்டுக்கு மேல் விட்டிருந்தவர்களில் அவை கணிசமாக மீண்டிருந்தன. ஆனால் நினைவும் அசைவும் அதே வேகத்தில் திரும்பவில்லை. ஒரு மாதம் விட்ட பிள்ளை இன்னும் சோர்ந்திருந்தால், 'திருந்தமாட்டான்' என்று கைவிடுவது அவசரம். கலங்களுக்கு அதைவிட நீண்ட தவணை வேண்டும்.

எங்கே திரும்பி வருகிறான் என்பதும் முக்கியம். வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் 1970களில் பின்தொடர்ந்தார். ஊர் திரும்பிய பிறகு அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. பழகிய இடமும் முகமும் விலையும் வியட்நாமிலேயே தங்கிவிட்டன. நம் பிள்ளைகளுக்கு நடப்பது நேரெதிர். வெலிக்கந்தைப் பக்கம் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்திலோ வேறொரு நிலையத்திலோ சில மாதம் இருந்துவிட்டு, அதே சந்திக்கு, அதே நட்புக்கு, அதே வேலையில்லாத பின்னேரத்துக்குத் திரும்புகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வாத்தியார் பழைய பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்.

2018இல் ஆய்வாளர் மார்கோ வெனீரோவின் எலிகள் இதற்கு ஒரு மறுமொழி சொல்லின. ஐஸுக்குப் பழகிய எலிகளின் முன் இரண்டு நெம்புகோல்கள் இருந்தன: ஒன்றை மிதித்தால் மருந்து, மற்றதை மிதித்தால் கதவு திறந்து இன்னொரு எலியோடு சேர்ந்திருக்கலாம். அவை கிட்டத்தட்ட எப்போதும் கூட்டாளியையே தேர்ந்தன. கதவு திறக்கத் தாமதமானபோதும், கூட்டாளியைத் தேடினால் தண்டனை என்று ஆனபோதும்தான் மருந்துப் பக்கம் திரும்பின. கண்டுபிடிபட்ட பிள்ளையை அடித்து, சொந்தக்காரர் வீட்டுக்கு வராமல் தடுத்து, பாடசாலையை விட்டும் விலக்கும்போது நாம் எந்த நெம்புகோலை மூடுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

சட்டம் தன் பங்குக்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மதுவோ புகையிலையோ விற்கக்கூடாது. 2022 திருத்தத்தின்படி ஐந்து கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம். இவை விற்பவரை நோக்கிய வேலிகள். வாங்கும் பிள்ளைக்கு மாலை நான்கு மணிக்கு என்ன இருக்கிறது என்பதைச் சட்டம் சொல்லாது.

ஐஸ்லாந்து அதைத்தான் முதலில் கேட்டது. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 வீதத்தினர் முந்திய ஒரு மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதம். ஆண்டுதோறும் மாணவரிடம் கேட்டு, விடையை அந்தந்தப் பாடசாலைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் பணம் ஒதுக்கினார்கள். பெற்றோர் கூடிப் பேசி, இரவில் பிள்ளைகள் வெளியே நிற்கும் நேரத்துக்கு எல்லை போட்டார்கள். அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை. வழி நமக்குப் புதியதுமல்ல. மட்டக்களப்பின் வெபர் மைதானம் தாங்கி நிற்பது அமெரிக்க இயேசுசபைத் துறவி ஹரல்ட் வெபரின் பெயர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அருட்தந்தை யூஜின் ஹேர்பட் 1990 ஓகஸ்டில் காணாமற்போனார். கூடைப்பந்து அந்த ஊரை விட்டுப் போகவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1990களிலேயே அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கி, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக மண்ணும் சாயமும் கதையுமாக விளையாடவிட்டார்கள். பிள்ளைக்கு வேறொரு சந்தோஷம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே விளங்கியிருந்தது.

வீட்டில் தெரியவந்தால் முதலில் 'மனே, எப்ப இருந்து, யாரோட?' என்று அமைதியாகக் கேட்பது அடியைவிடப் பயன் தரும். நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அறையில் பூட்டி வைக்காமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

இன்னும் தொடங்காத பிள்ளைகள்தான் பெரும்பான்மை. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 வீதம் பேர் வாழ்வில் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 வீதம். வயது மட்டுமே இதற்குக் காரணமில்லை, பரம்பரைக்கும் வீட்டுச் சூழலுக்கும் பங்குண்டு. ஆனாலும் நெற்றிக்குப் பின்னால் கட்டடவேலை நடக்கும் ஆண்டுகளில் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் ஆதாயம். பின்னேரம் ஆறரை வரை வெளிச்சமுள்ள ஒரு மைதானமும், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பயிற்றுநரும் ஒவ்வொரு கிராமத்துக்கும் கிடைத்தால், அந்த ஆண்டுகளில் இரண்டு மூன்றை வாங்கித்தர முடியும்.